ஜிப்சி ரோஸும் எங்க அப்பாவும்

எங்க அப்பா லாரி பெயிண்டர். கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் முப்பது வருஷம். தாமரை, கழுகு, மாம்பழக் கூடை, பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' எல்லாம் அவர் கை. பிரஷ்ஷின் ஒரு ஓரம் சிவப்பும் மறு ஓரம் வெள்ளையும் தொட்டு, ஒரே இழுப்பில் ஓர் இதழ் போட்டுவிடுவார். நான் வைத்திருப்பது ஸ்டிக்கர் கட்டிங் கடை. அவர் தொழிலை எது முடித்ததோ, அதுதான் எனக்குச் சோறு. வீட்டில் இதைப் பேச மாட்டோம்.

போன ஞாயிறு போனில் அவருக்கு ஒரு கார் காட்டினேன். 1964 இம்பாலா, பேர் ஜிப்சி ரோஸ். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரரான ஜெஸ்ஸி வலாடெஸின் வண்டி. ரோஸ் கலர் உடம்பு, கூரை வரைக்கும் ரோஜாப்பூ. வரைந்தவர் வால்ட் ப்ரே. 2017-ல் இதை வாஷிங்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மேல கிளியர் எத்தனை கோட்டு அடிச்சிருப்பான் பாப்பா?" அப்புறம், "இவ்ளோ தாழ இருக்கே, நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டாதா?"

அங்கேயும் அதுதான் வம்பு. மெக்சிகோ வம்சாவளிப் பையன்கள் (தங்களைச் சிகானோ என்று சொல்லிக்கொள்கிறவர்கள்) காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, சாயங்காலம் விட்டியர் ரோட்டில் ஊர்ந்து போவார்கள். வேகமாகப் போவதில் அவர்களுக்குப் பெருமை இல்லை. சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே கார் உடம்பு இறங்கக் கூடாது என்று 1950-களின் கடைசியில் கலிபோர்னியா சட்டம் போட்டது. 1959-ல் ரான் அகீரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்பும் வால்வும் மாட்டினார். சுவிட்சைத் தட்டினால் கார் எழும்பும். போலீஸ் போனதும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம்.

"டிப்பர் ஜாக்கி!" என்று அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

அடுத்து காட்டியது, அதே கலிபோர்னியாவில் சான் டியாகோ நகரத்துச் சிகானோ பார்க். நெடுஞ்சாலைக்கும் பாலத்துக்குமாக அங்கே சிகானோ ஜனங்களின் குடியிருப்பைக் கிழித்துப்போட்டார்கள். பாலத்தடியில் பூங்கா வரும் என்று நம்பியிருந்த இடத்தில் போலீஸ் நிலையம் கட்ட புல்டோசர் வந்தது. 1970 ஏப்ரல் 22-ல் ஜனங்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கிடைத்தது பூங்கா. 1973-லிருந்து பாலத் தூண்களில் ஓவியம்: மெக்சிகோவின் பழைய ஆஸ்டெக் மக்கள் கும்பிட்ட சாமிகள், விவசாயத் தொழிலாளர்கள், குவாதலூப்பே மாதா.

நம்ம மேம்பாலத் தூண்களில் இருப்பது கண்ணீர் அஞ்சலியும் காதுகுத்துப் போஸ்டரும். அதில் பாதி என் கடை டிசைன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்பா ஒரு தூணைப் பெரிசாக்கிப் பார்த்தார். "சிமெண்ட்ல பிரைமர் போடாம ஏத்தினா ரெண்டு மழை தாங்காது. என்ன போட்டிருக்கான்னு பாரு."

தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மச்சு மேலிருந்து பழைய பிரஷ் டப்பாவை இறக்கி தின்னரில் ஊறப்போட்டுவிட்டார். வீடெல்லாம் அந்த வாசனை.