சாமி சிலைக்கு பிரேக்கபிள் போடவாண்ணே?

ஏழு வருஷமா கேம் ஆர்ட் வேலையில இருக்கேன், மதுரையிலயேதான். வெளிநாட்டு கம்பெனிங்க பெருசா கேம் எடுப்பாய்ங்க, அதுல வர்ற கட்டடம், பாறை, உடைஞ்ச காரு, குப்பைத்தொட்டி வரைக்கும் பாதிய நம்மள மாதிரி சின்ன ஸ்டுடியோவுக்கு பிரிச்சு குடுத்துருவாய்ங்க. என் வேலை என்விரான்மெண்ட், அதாவது இடத்தக் கட்டுறது. ஆளு, துப்பாக்கி, கதை இதெல்லாம் எங்க கைக்கு வராது. அதனால இந்த கேம்ல என்ன நடக்குதுங்கிறது நம்ம சோலி இல்லன்னே ரொம்ப நாள் இருந்துட்டேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஷூட்டர் கேமுக்கு, அதாவது சுட்டு விளையாடுற கேமுக்கு, மேப் வந்துச்சு. மேப்னா அந்தச் சண்டை நடக்குற இடம். தென்னிந்தியக் கோவில், சாயங்கால வெளிச்சம், எட்டு பேரு மோதுற மாதிரி. க்ளையண்ட் அனுப்புன ரெஃபரன்ஸ் ஷீட்டைத் திறந்தா நம்ம மீனாட்சி கோவில் தெற்குக் கோபுரம், அதுக்குப் பின்னாடி ராமேஸ்வரம் பிரகாரம், முத்தத்துல ஹம்பி கல்தேரு. எல்லாத்தையும் ஒண்ணா கலந்து வச்சிருந்தாய்ங்க. அதப் பாத்துட்டு எங்க எல்லாருக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லல. எத்தனை வருஷமா ஐரோப்பா தெருவையும் பாலைவன ஊரையும் கட்டிக்கிட்டு இருந்தோம், நம்ம ஊரு தூணு, நம்ம ஊரு யாளி இப்பதான் வருதுன்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து வேலை பாத்தோம். கோவிலுக்குள்ள 2018ல இருந்து செல்போன் விடுறதில்ல, அதனால பழைய போட்டோவ வச்சும், நேர்ல போயி பாத்துட்டு வெளிய வந்து நோட்டுல வரைஞ்சும் செஞ்சோம். ஆயிரங்கால் மண்டபத்துல 985 தூணு, அதுல நாப்பது தூணு மாதிரிக்கு எடுத்தோம், அந்த நாப்பதுக்கே ஆறு வாரம் ஆச்சு. கல்லுல எண்ணெய் பட்டுப் பட்டு கறுத்துப் போயி ஒரு மினுமினுப்பு இருக்குமே, ஜனங்க கை வச்சு வச்சு வழவழன்னு ஆன இடம், அந்த டெக்ஸ்சர் வர்றதுக்கு மட்டும் எனக்கு நாலு நாளு.

ஒரு நாள் காலையில எங்க ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அம்மா, செல்லூர்ல இருந்து வர்றவங்க, மாப் போட்டுக்கிட்டே என் சீட்டுக்குப் பின்னாடி வந்து நின்னாங்க. "ஏய்யா, நம்ம ஆத்தா கோயிலாய்யா இது?" ன்னாங்க. அது மாதிரிதான்மா, கலந்து செய்யறோம்னேன். கேமராவ மெதுவா உள்ள கொண்டு போயி காட்டுனேன், கோபுரம், கொடிமரம், மண்டபம், கடைசியில கருவறை. கருவறைக்குள்ள அப்ப சாமி கிடையாது. சும்மா சாம்பல் கலர்ல ஒரு பெட்டி, எங்க பாஷையில ப்ளேஸ்ஹோல்டர், பின்னாடி ஏதாவது மாடல் வரும்னு அளவுக்கு வச்சு விட்டது, அதுக்கு முன்னாடி ஒரு விளக்கு. அந்த அம்மா மாப்பை சேருல சாச்சு வச்சுட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. தாயேன்னு ஒரு வார்த்தை. அப்புறம் வாளிய எடுத்துக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டாங்க. அந்த சாம்பல் பெட்டிய நான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

அன்னைக்கே மத்தியானம் ப்ளேடெஸ்ட், அதாவது செஞ்ச வரைக்கும் விளையாடிப் பாக்குறது. இங்க கொஞ்சம் தொழில் விஷயம் சொல்லணும். கருவறைக்கு ஒரே வாசல்தான், நம்ம பக்கத்து கோவில்ல பெரும்பாலும் அப்படித்தான். கேம் கணக்குல ஒரே வாசல் உள்ள ரூம்னா என்ன ஆகும், உள்ள ஒருத்தன் மூலையில பதுங்கிக்குவான், வெளிய இருக்குறவன் குண்டை உள்ள உருட்டி விடுவான். வேற வழியே கிடையாது, கட்டடமே அப்படி விளையாடச் சொல்லும். அரை மணி நேரத்துல அந்த விளக்கு முன்னாடி பதினஞ்சு தடவையாவது குண்டு வெடிச்சிருக்கும். நான் நாலு நாள் உக்காந்து செஞ்ச அந்த எண்ணெய்க் கல்லு மேல ரத்தக் கறை ஒட்டிக்கிட்டே போச்சு, அதுக்கு டீக்கல்னு பேரு, சுவத்துல ஸ்டிக்கர் மாதிரி இன்ஜினே, அதாவது கேம ஓட்டுற சாஃப்ட்வேரே ஒட்டிரும். என்னால அன்னைக்கு ஸ்கிரீன பாக்க முடியல.

அடுத்த நாளு எங்க ட்ரெய்னி பையன் வந்தான். ஒவ்வொரு பொருளுக்கும் இது கல்லு, இது மரம், இது இரும்புன்னு இன்ஜின்கிட்ட சொல்லணும், அப்பதான் குண்டு பட்டா சரியான சத்தம் வரும், தூசி பறக்கும். சிலது உடையணும்னா முன்னாடியே துண்டு துண்டா வெட்டி வச்சு பிரேக்கபிள்னு டிக் போடணும். அவன் ஷீட்ட வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டு வர்றான். மரப்பெட்டிக்கு? போடு. பானைக்கு? போடு. "சாமி சிலைக்கு பிரேக்கபிள் போடவாண்ணே?" அவன் தப்பாக் கேக்கல, ஷீட்டுல அடுத்த வரி அதுதான். எனக்கு பதில் வரல. இருடா, லீடக் கேட்டுட்டு வர்றேன்னு எந்திரிச்சேன்.

எங்க லீடு பாய். நான் சொன்னத முழுசாக் கேட்டுட்டு, "இத நீ சொல்லுவன்னு ஒரு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன், நானாச் சொன்னா வேற மாதிரி ஆகும்னுதான் பேசாம இருந்தேன்" ன்னாரு. அவருதான் ஒவ்வொண்ணா சொன்னாரு. 2002ல ஹிட்மேன் 2 கேம்ல சீக்கியக் கோவில் மாதிரி ஒரு இடத்துல கொலை பண்ற லெவல் வந்து சீக்கியர்கள் எதிர்த்தாங்க, கம்பெனி மாத்திக் குடுத்துச்சு. அமிர்தசரஸ் பொற்கோவிலுக்குள்ள 1984ல நிஜமாவே குண்டு பாஞ்சிருக்கு, அந்த ஜனங்கட்டப் போயி இது சும்மா கேமுதானேன்னு யாரு சொல்ல முடியும்? கால் ஆஃப் டியூட்டில ஒரு மேப்புல பாத்ரூம் சுவத்துல இருந்த ஃப்ரேம்ல நபிமொழி எழுதியிருந்துச்சு, அது தெரிய வந்து 2012ல அந்த மேப்பையே கொஞ்ச நாள் எடுத்தாங்க. 2021ல வேறொரு கால் ஆஃப் டியூட்டில குர்ஆன் பக்கம் தரையில கிடந்துச்சு, கம்பெனி மன்னிப்பு கேட்டுச்சு. அந்தப் பக்கத்த தரையில போட்டவன் என்னை மாதிரி ஒரு என்விரான்மெண்ட் ஆர்ட்டிஸ்டாத்தான் இருப்பான்னு எனக்குத் தோணுது. கேவலப்படுத்தணும்னு செஞ்சிருக்க மாட்டான், தரை வெறிச்சுன்னு இருக்கேன்னு பேப்பர் ரெண்டு போட்டிருப்பான்.

எல்லா எதிர்ப்பும் எனக்கு ஒண்ணா படல. 2016ல போக்கிமான் கோங்கிற போன் கேம் கோவில்ல முட்டை காட்டுதுன்னு குஜராத் ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க, அதுல எனக்கு பெரிசா வருத்தம் வரல, யாருக்கும் அங்க அடிபடல. ஆனா மான்செஸ்டர் விஷயம் அப்படி இல்ல. சோனி 2006ல ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்னு ஒரு கேம் விட்டாங்க, கதை 1951ல நடக்குது, மான்செஸ்டர் கதீட்ரல அப்படியே கட்டி அதுக்குள்ள துப்பாக்கிச் சண்டை. 2007ல இங்கிலாந்து திருச்சபை கேட்டது ரெண்டு விஷயம்தான்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். எங்ககிட்ட ஒரு வார்த்தை அனுமதி கேட்டீங்களா, அப்புறம், இது துப்பாக்கியால பிள்ளைங்க செத்துக்கிட்டு இருக்குற ஊரு, அவங்க அப்பா அம்மாவோட நாங்க இருக்கோம், எங்க கட்டடத்துலயா இது? அப்ப அங்க டீனா, அதாவது கதீட்ரலுக்குத் தலைமை குருவா இருந்தவரு ரோஜர்ஸ் கோவெண்டர், தென்னாப்பிரிக்காவுல பிறந்தவரு. கற்பனைக் கதைதானேன்னு முதல்ல சொன்ன சோனி அந்த ஜூலையில அந்த ஊரு பேப்பர்லயே மன்னிப்பு கேட்டுச்சு. கேமை திரும்ப வாங்கல.

அனுமதிங்கிறது எனக்கு ஏன் பெரிசாத் தெரிஞ்சதுன்னா, எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் நல்ல கேள்வி ஒண்ணு போட்டாரு. "பாண்டி கோவில்ல கிடா வெட்டுறோம், மீனாட்சி கோவில் தூணுல வீரபத்திரர் கத்தியோட நிக்கிறாரு, நரசிம்மரு குடலையே உருவுறாரு, கோவில்ல ரத்தம் புதுசா?" நியாயமான கேள்விதான், ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க அப்பா கிடா வெட்டுறப்ப பக்கத்துல நின்னிருக்கேன். மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு காத்துக்கிட்டு இருப்பாய்ங்க. கிடா தலைய சிலுப்பணும், அதுதான் உத்தரவு. சிலுப்பலேன்னா மறுபடி தண்ணி, மறுபடி காத்திருக்கணும், சில நேரம் கால் மணி நேரம் ஆகும், மொத்தக் கூட்டமும் வாயத் திறக்காம நிக்கும். அந்த வெட்டு சரியா தப்பாங்கிறது தனிப் பேச்சு. ஆனா அங்க சும்மா ஒண்ணும் நடக்கல, சாமிகிட்ட கேட்டு, பயந்து, பேர் சொல்லி நடக்குது. எங்க மேப்புல அரை மணிக்கு நாப்பது தடவை செத்து எந்திரிச்சு மறுபடி சாகுறாய்ங்க, யாரும் யாருகிட்டயும் எதுவும் கேக்கல.

இதெல்லாத்தையும் விட என்னை அடிச்சது வேற. டெஸ்டிங் டீம்ல ஒரு பொண்ணு, ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்றவங்க. எங்க பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்துட்டு மெல்ல சொன்னாங்க, "அண்ணா, போன வருசம் அந்த சேர்ச் மப் செய்தீங்கள்தானே, அதை டெஸ்ட் செய்யேக்க எனக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லை." ஏன்மா சொல்லலன்னேன். அவங்க அம்மா ஊர்ல ஷெல் அடிக்கும்போது எல்லாரும் கோவிலுக்கும் சர்ச்சுக்கும்தான் ஓடுவாங்களாம், அங்க அடிக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. 1995 ஜூலை 9, யாழ்ப்பாணம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்துல அப்படி ஒதுங்கியிருந்த ஜனங்க மேல விமானம் குண்டு போட்டு நூத்துக்கும் மேல செத்துப் போனாங்க. "பெஞ்சுக்குப் பின்னால குனிஞ்சு இருக்கிறதை நீங்கள் கவர் எண்டு சொல்றீங்கள். அம்மா அப்பிடித்தான் இருந்தவ" ன்னாங்க.

அந்த சர்ச் மேப் நான் செஞ்சது. பீடத்து மேல குண்டு ஓட்டைய எந்த இடத்துல வச்சா அழகா இருக்கும்னு ஒரு முழு நாள் பாத்திருக்கேன். உடைஞ்ச கலர் கண்ணாடி வழியா வெளிச்சம் விழுற ஷாட்ட என் போர்ட்ஃபோலியோல முதல் படமா போட்டிருந்தேன். கீழவெளி வீதியில மரியன்னை பேராலயத்தத் தாண்டித்தான் தினமும் வண்டியில போறேன், ஒரு நாள் கூட எனக்கு உறுத்தல. என் ஆத்தா கோவில்னு வந்தப்பதான் வலிச்சுச்சு. 2019 மார்ச்ல நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டு பள்ளிவாசல்ல தொழுகைக்கு வந்திருந்த 51 பேர ஒருத்தன் கொன்னான், தலையில கேமரா மாட்டி நேரலையில காட்டுனான், பாத்தவங்க எல்லாம் கேம் மாதிரியே இருந்துச்சுன்னாங்க. அந்த வருஷமே எங்க ஸ்டுடியோ ஒரு தொழுகைக் கூடத்து மேப்ப டெலிவரி பண்ணுச்சு, பாயும் அந்த டீம்ல இருந்தாரு. அவரு மனசுல என்ன ஓடியிருக்கும்னு அப்ப நாங்க யாரும் கேக்கல.

பாய் க்ளையண்டுக்கு ஒரு மெயில் எழுதினாரு, நான் கூட உக்காந்து எழுதினேன். மனசு புண்படும்ங்கிற வார்த்தைய வேணும்னே போடல, அந்த வார்த்தையப் பாத்தாலே அவங்க வக்கீலுக்கு அனுப்பிருவாங்க. இந்த இடத்துல இன்னைக்கும் தினமும் ஆயிரக்கணக்குல ஜனம் கும்பிடுது, இந்த ரூம்ல ஒரே வாசல், இங்க குண்டு போடுறதத் தவிர வேற விளையாட்டு இல்ல, அதனால கருவறைய மூடிருவோம், அடையாளம் தெரியுற கோபுரத்த எடுத்துருவோம், சிலை எதுவும் உடையக் கூடாதுன்னு பாயிண்ட் பாயிண்டா எழுதினோம். பதினோரு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. கருவறைய மூடலாம். சிலைய எடுத்துரலாம். கோபுரம் வேணும், வேற வடிவத்துல செய்ங்க. தூண் மண்டபச் சண்டை இருக்கட்டும்.

பாதிதான். மண்டபத்துல இன்னும் சுடுறாய்ங்க, அதுல எனக்கு சமாதானம் இல்ல. கருவறை வாசலுக்கு பெரிய மரக்கதவு ஒண்ணு செஞ்சு வரிசையா வெங்கல மணி வச்சு சாத்துனேன், அதுக்கு யாரும் கேக்காத அளவுக்கு நேரம் எடுத்துக்கிட்டேன். குண்டு பட்டா மணி ஆடக் கூடாதுன்னு எல்லாத்தையும் லாக் பண்ணி வச்சேன். செல்லூர் அம்மா ஒரு நாள் பாத்துட்டு "நடை சாத்திட்டாகளா" ன்னு மட்டும் கேட்டாங்க, ஆமாம்மான்னேன்.

இப்ப எந்த மேப் வந்தாலும் அசெட் ஷீட்டுல அந்த ட்ரெய்னி பையன் ஒரு கட்டம் சேத்திருக்கான், "இப்ப ஆளு கும்பிடுற இடமா" ன்னு. ஆமான்னு வந்தா வேலை தொடங்குறதுக்கு முன்னாடி மெயில் போகும். ரெண்டு ப்ராஜெக்ட்ல ஒத்துக்கிட்டாங்க, ஒண்ணுல எங்கள விட்டுட்டு வேற ஸ்டுடியோவுக்குக் குடுத்துட்டாங்க.

சர்ச் மேப்புக்கும் எழுதினேன். பீடத்துல இருக்குற குண்டு ஓட்டைய மட்டுமாவது எடுத்துருங்க, நானே காசு இல்லாம செஞ்சு தர்றேன்னு. கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு, லைவ்ல இருக்குற மேப்ப தொட முடியாதுன்னு ஒரு வரி பதில். அந்தப் படத்த போர்ட்ஃபோலியோல இருந்து எடுத்துட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட போயி சொன்னேன், எழுதிப் பாத்தேன்மா, முடியாதுன்னுட்டாங்கன்னு. சரி அண்ணான்னுட்டு ஹெட்செட்ட எடுத்து மாட்டிக்கிட்டாங்க.