மூன்றாம் நிரல்

எங்கள் ஆங்கில இலக்கிய மிஸ் காலமான செய்தி வந்த அன்று, 1995 உயர்தரக் கலைப்பிரிவில் இருந்த 11 பேரில் 7 பேர் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வந்தது மூன்று நிரல் கீறிய சி.ஆர். கொப்பிதான். மலருக்கு மிஸ்ஸைப் பற்றி எழுதுவதென்றால் அந்தக் கொப்பியைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

நாவல், ஜேன் ஒஸ்ரினின் ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’, தமிழில் ‘கர்வமும் தப்பெண்ணமும்’. 1813 இல் வந்தது, 61 அத்தியாயங்கள். முதல் தவணைப் பரீட்சையில் 11 பேரும் டியூட்டரி நோட்ஸைப் பாடமாக்கி ஒரே வசனத்தை எழுதியிருந்தோம்: நாயகன் டார்சியின் குறை கர்வம், நாயகி எலிசபெத்தின் குறை தப்பெண்ணம். மிஸ் விடைத்தாள்களை மேசையில் அடுக்கிவைத்து, ஒவ்வொன்றிலும் அந்த வசனத்தை மட்டும் உரத்து வாசித்தார். 11 தரம். “இது புத்தகத்தின்ரை மட்டையிலேயே கிடக்கு. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு சொல்லுங்கோ பிள்ளையள்.” ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை.

அடுத்த நாள் கரும்பலகையில் மூன்று நிரல்கள். முதலாவதில், ஒருவரைப் பற்றி யார் சொன்னது. இரண்டாவதில், எதைக் கண்டு சொன்னது, சொன்னவருக்கு அதில் என்ன ஆதாயம். மூன்றாவதில், அந்த ஆள் பிறகு என்ன செய்தார். மூன்றாம் நிரல் நிரம்பும்வரை எந்தப் பாத்திரத்துக்கும் ‘நல்லவன்’, ‘கர்வக்காரன்’ என்று பட்டம் சூட்டக்கூடாது.

அதன் பலன், டார்சியின் தகப்பன் ஆதரித்து வளர்த்த இளைஞன் விக்காமில் தெரிந்தது. 15ஆம் அத்தியாயத்தில் தெருவில் அறிமுகமாகிறான். மறுநாள் மாலையே, 16இல், தனக்கு வரவேண்டிய பாதிரியார் பதவியை டார்சி தரவில்லை என்று எலிசபெத்திடம் சொல்லி முடித்துவிடுகிறான். டார்சியின் தகப்பனை நினைத்தால் மகனைக் காட்டிக்கொடுக்க மனம் வராது என்பான், சொல்லிக்கொண்டே காட்டிக்கொடுப்பான். டார்சிக்குப் பயந்து ஒதுங்க மாட்டேன் என்பான். அடுத்த கிழமை நெதர்ஃபீல்ட் நடனத்துக்கு வரமாட்டான். 36ஆம் அத்தியாயத்தில், டார்சியின் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் எலிசபெத் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப்பார்க்கிறாள். அந்தப் பதவிக்குப் பதிலாக 3,000 பவுண் வாங்கிக்கொண்டது கடிதத்தில் வரும் புதுச் செய்தி. ஆனால் அவன் பேச்சில் இருந்த ஓட்டை அவளுக்கு முன்பே கண் முன்னால்தான் இருந்தது. 20 அத்தியாயமாக அதை அவள் காணாததற்குக் காரணம், ஒருவன் தன்னை விரும்பிப் பேசினான், மற்றவன் நடனத்தில் தன்னைத் தட்டிக்கழித்தான் என்பதுதான். அதை அவளே ஒப்புக்கொள்கிறாள். “அப்ப கர்வம் ஆருக்கு?” என்று மிஸ் கேட்டபோது பரீட்சை வசனம் எங்கள் கண்முன்னே உடைந்தது.

கொலின்ஸ் என்ற பாதிரியாரைக் கட்டிய எலிசபெத்தின் தோழி சார்லட்டை நாங்கள் ஒரே சொல்லில் தள்ளிவிடப் பார்த்தோம்: பணத்துக்காகக் கட்டினவள். மிஸ் விடவில்லை. 27 வயது, தனக்கென்று காசில்லை என்பதை முதலில் எழுதச் சொன்னார். பிறகு 30ஆம் அத்தியாயத்துக்குப் போய் ஒரு அறையைக் காட்டினார். கொலின்ஸின் வீட்டில் நல்ல பெரிய அறை இருக்க, பின்பக்கத்துச் சிறிய அறையில்தான் சார்லட் உட்காருவாள். நல்ல அறையில் இருந்தால் கணவன் அடிக்கடி அங்கே வந்துவிடுவான். அவளுடைய புத்தி, அவள் கொடுத்த விலை இரண்டும் அந்த ஒரு அறையில் இருக்கின்றன.

கடைசியாக மிஸ் படிப்பித்தது 42ஆம் அத்தியாயம், எலிசபெத்தின் தகப்பன் மிஸ்டர் பெனட். எங்கள் எல்லாருக்கும் பிடித்தவர் அவர், பகிடியாகப் பேசுவார் என்பதால். மிஸ் கணக்கை எழுதினார். காணி வருமானம் வருடத்துக்கு 2,000 பவுண். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, கண்மூடினால் காணி உறவினன் கொலின்ஸுக்கு. மகள் ஒருத்திக்குத் தாய்க்குப் பிறகு கிடைப்பது 1,000 பவுண், நாலு வீத வட்டிக்கு வருடம் 40. சீதனமும் முதுசமும் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைசி மகள் லிடியாவை, பட்டாளம் முகாமிட்ட பிரைட்டனுக்கு அனுப்பவேண்டாம் என்று எலிசபெத் மன்றாடியும் அனுப்பிவிட்டார், வீட்டில் சத்தம் குறையட்டும் என்று. அவருடைய கெட்டித்தனமும் குறையும் ஒன்றுதான்: எதையும் தள்ளி நின்று ரசிப்பது. அந்தக் காணிக் கவலையை வாய்விட்டுச் சொன்ன மிஸிஸ் பெனட்டைப் பார்த்து நாங்கள் அவரோடு சேர்ந்து சிரித்திருந்தோம். அதையும் கொப்பியில் எழுதச் சொன்னார்.

அடுத்தது டார்சியின் மாளிகை பெம்பர்லி, 43ஆம் அத்தியாயம், வாசித்துக்கொண்டு வாங்கோ என்றார். ஒக்ரோபர் 30 வந்தது, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. அந்த இரவைப் பற்றி இந்த மலரில் எழுதத் தேவையில்லை.

மிச்சம் 19 அத்தியாயங்களையும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில் வாசித்தோம். பெம்பர்லியை மிஸ்ஸின் நிரலில் போட்டுப்பார்த்தால் லேசாக இல்லை. டார்சியைப் புகழ்பவர் வீட்டுப் பொறுப்பாளர் மிஸிஸ் றெனோல்ட்ஸ். நாலு வயதிலிருந்து கண்டவர். ஆனால் அந்த வீட்டுச் சம்பளம் வாங்குபவர். பிறகு டார்சியே வந்து, எலிசபெத்தின் மாமனான வியாபாரி கார்டினரை மீன்பிடிக்க அழைத்து, தூண்டிலும் தருகிறேன் என்கிறான். அந்த உறவுகளைத்தான் 34ஆம் அத்தியாயத்தில், கலியாணம் கேட்ட வாயாலேயே இழிவாகப் பேசினான். ஆனாலும் ஒருநாள் மரியாதை மூன்றாம் நிரலுக்குப் போதாது. விக்காமும் முதல்நாள் மரியாதையாகத்தான் இருந்தான்.

ஆகவே 52ஆம் அத்தியாயம் வரை நிரலை வெறுமையாக விட்டேன். அங்கே, விக்காமோடு ஓடிப்போன லிடியாவை அவன் கலியாணம் கட்டுவதற்காக அவனுடைய கடனை, 1,000 பவுணுக்கு மேல், டார்சி அடைத்தது தெரியவருகிறது. தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருக்கிறான். டார்சி எலிசபெத்தை விரும்புகிறான், ஆகவே ஆதாயம் இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கே மறைத்த ஆதாயத்தை எந்த நிரலில் எழுதுவது? மூன்றாவதில் எழுதினேன். மிஸ்ஸின் சிவப்புப் பேனை அதைச் சரியென்று விட்டிருக்குமோ தெரியாது. அவர் உயிரோடிருந்த இத்தனை வருடத்தில், எங்கள் 7 பேரில் ஒருவரும் அவருக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்கவில்லை.