சேர்வராயன் மலைச் சருகில் புது ரோவ் வண்டு: பெயர் வைக்கும் முன் செய்ய வேண்டியவை

சேர்வராயன் மலையில் பெயரில்லாத ரோவ் வண்டை (குட்டை முன்சிறகுக்கு வெளியே வயிறு நீண்டு தெரியும் வண்டு) பிடிப்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. அதற்கு யாரும் இதுவரை பெயர் வைக்கவில்லை என்று காட்டுவதுதான் பெரிய வேலை. ரோவ் வண்டுகளின் ஸ்டாஃபிலினிடே குடும்பத்தில் பெயர் பெற்ற சிற்றினங்களே 60,000-க்கு மேல். நம் பகுதிக்கு இன்றும் அடிப்படை, மால்கம் கேமரன் 1930 முதல் 1939 வரை வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதிகள்தான். அவற்றில் பெரும்பாலான சிற்றினங்களுக்கு, பிரித்தறிய உதவும் ஆண் இனப்பெருக்க உறுப்பின் படம் கிடையாது. நிறம், புள்ளிக்குழிகள், கால் நீளம் என்று சில வரிகளோடு விவரணை முடிந்துவிடும். அந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு "என்னுடையது வேறு" என்று எழுதினால் பாதிப் பெயர்கள் பின்னால் ஏற்கெனவே உள்ள பெயரின் இணைப்பெயராகிக் காணாமல் போகும்.

முதலில் எங்கே தேடுவது என்று பார்ப்போம். சாணி, எருக்குழி, தெருவிளக்கு ஆகிய இடங்களுக்கு வரும் வண்டுகள் நன்றாகப் பறப்பவை. அவற்றின் பரவல் அகலம் என்பதால் அங்கே புதியது கிடைக்கும் வாய்ப்பு குறைவு. சேலத்து வயல்களிலிருந்து மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் ஆரஞ்சும் கருநீலமும் கலந்த பீடெரஸ் இந்தக் குடும்பந்தான். அது கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. தோலில் வைத்து நசுக்கினால் உடல் திரவத்திலுள்ள பெடெரின் என்ற நச்சு கொப்புளம் கிளப்பும். கையால் பிடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தேட வேண்டிய இடம் மேலே இருக்கிறது. சுமார் 1,600 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் கோயில் உச்சியை ஒட்டிய சோலைத் துண்டுகள், மலைக் கிராமங்களின் கோயில் காடுகள், மட்கிய மரத்தின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மட்டும் நிற்கும் பகுதியைவிட, பழைய நாட்டு மரங்களின் நிழலில் மட்கு ஆழமாக இருக்கும் மூலைகள் மேல். பறக்க முடியாத வண்டு ஒரு மலையை விட்டு இன்னொன்றுக்குப் போவது கடினம் என்பதால் தனித்த சிற்றினங்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் உருவாகின்றன. அத்தகைய வண்டின் முன்சிறகு இன்னும் குட்டையாகவும் தோள் உருண்டும் இருக்கும். பல பேரினங்களில், வயிற்றின் ஏழாம் மேல்தகட்டுப் பின்விளிம்பில் வழக்கமாக இருக்கும் வெள்ளை விளிம்புக் கோடும் இராது. ஆனால் சிறகு நீளத்தை மட்டும் நம்பக்கூடாது. ஒரே சிற்றினத்தில் நீளச் சிறகும் குட்டைச் சிறகும் சேர்ந்தே வருவதுண்டு.

ஒரு சதுர மீட்டர் சருகை அடியிலுள்ள கறுப்பு மட்கோடு அள்ளி, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள சல்லடையில் உதறுங்கள். விழுந்த தூளை வலைப்பையில் போட்டு விங்க்ளர் துணிப்பைக்குள் தொங்கவிட்டு, அடியில் எத்தனால் போத்தல் கட்டினால் 48 முதல் 72 மணி நேரத்தில் சருகு காயக் காயப் பூச்சிகள் கீழே இறங்கும். ஏற்காட்டு மூடுபனியில் சருகு காயாது, அதுதான் இங்கே சிக்கல். பையை வீட்டுக்குள் மாற்றுங்கள், தினம் ஒருமுறை தூளைக் கொட்டிக் கிளறித் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் பாதி வண்டு சருகிலேயே நின்றுவிடும். கோடையில் உலர்ந்த மேல்சருகில் தேடுவது வீண். மழை பெய்து ஈரம் இறங்கிய பிறகு போகலாம்.

டி.என்.ஏ எடுக்க சிலவற்றை 95% எத்தனாலில் தனியே வையுங்கள். அறுத்துப் பார்க்க வேண்டியவற்றுக்கு 70 முதல் 80% போதும். செறிவு கூடினால் உடல் விறைத்து மூட்டுகள் ஒடியும். ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு போட வேண்டும்: இடம், ஆயத்தொலைவு (அட்ச, தீர்க்க ரேகை), உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை, வாழிடம். வெளியே ஒட்டிய லேபிளை எத்தனால் அழித்துவிடும்.

இனி அறுப்பு. உலர்ந்த வண்டை வெதுவெதுப்பான நீரில் துளி பாத்திரம் கழுவும் திரவத்தோடு இளக்கி, வயிற்று நுனிக் கண்டங்களை நுண்ணிய ஊசிக் கொக்கியால் வெளியே இழுங்கள். ஆண் உறுப்பை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு, அறை வெப்பத்தில் சில மணி நேரம், அல்லது சூடாக்கினால் சில நிமிடம் வைக்கலாம். நேரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். தசை கரைந்ததும் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் உறுப்புக்குள் சுருண்டிருக்கும் உள்பையின் மென்சவ்வும் வெளிறிப்போய், ஒப்பிடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. நீரில் அலசி கிளிசரினில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கண்ணாடித் தகட்டில் அழுத்திவிட்டால் நுனி நசுங்கி வேறு உருவம் எடுக்கும்.

போலிப் புதுமைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் பிறக்கின்றன. உள்பை வெளியே தள்ளிய உறுப்பும், உள்ளே சுருட்டிய உறுப்பும் இரண்டு சிற்றினம் போல் தெரியும். பக்கவாட்டில் சில பாகை சாய்ந்தாலே நுனி வளைவு மாறிவிடும். இப்போதுதான் கூட்டை விட்டு வந்த வெளிறிய வண்டு நிறத்தில் ஏமாற்றும். எனவே ஒரே கோணத்தில் குறைந்தது ஐந்து ஆண்களையாவது பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்பது எங்கள் கட்சி. அலியோகாரினே துணைக்குடும்பத்தில் பெண்ணின் விந்துப்பை வடிவமும் அவசியம். மற்றவற்றில் ஒற்றைப் பெண் மாதிரியை வைத்துப் பெயர் சூட்டுவதைவிட அதைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நாகரிகம்.

அளவு எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. ரோவ் வண்டின் வயிறு நீண்டும் சுருங்கியும் நிற்பதால் மொத்த நீளம் கிட்டத்தட்ட உபயோகமில்லாத எண். தலை முன்விளிம்பிலிருந்து முன்சிறகின் பின்விளிம்பு வரையுள்ள முன்னுடல் நீளம், தலை அகலம், முன்மார்பின் நீள அகலம், முன்சிறகு நடுக்கோட்டின் நீளம் ஆகியவற்றைக் கொடுங்கள். நுண்ணோக்கியின் கண்வில்லை அளவுகோலை ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் தனியாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட வேண்டிய கேமரன் மாதிரிகள் பெரும்பாலும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அருங்காட்சியகத்துக்கு எழுதிப் படம் கேளுங்கள். எதை எந்தக் கோணத்தில் வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

விலங்குப் பெயரிடலுக்கான உலக விதிநூலின்படி, 1999-க்குப் பிறகு வரும் புதுச் சிற்றினத்துக்கு, புதியது என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். ஹோலோடைப்பையோ (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) சின்டைப்புகளையோ (ஆதாரமான மாதிரிகளின் தொகுப்பு) தெளிவாகச் சுட்ட வேண்டும், மாதிரி எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். மின்னிதழில் மட்டும் வந்தால் ஜூபேங்க் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவின் சான்று அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லையேல் பெயர் செல்லாது. ஊர்ப்பெயரை வைத்தால் பேரினத்தின் பால் பார்த்து விகுதி போடுங்கள்: ஆண்பாலான ஸ்டீனஸுக்கு "-என்சிஸ்", அலிப்பாலான லத்ரோபியத்துக்கு "-என்சே". அதே பேரினத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் தேடிவிடுங்கள். ஏற்காடு என்ற பெயரை எடுத்தவர்கள் குறைவில்லை.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி, தோட்டத்தில் உரிமையாளர் சம்மதம், கோயில் காட்டில் ஊராரின் சம்மதம் ஆகியவை முன்கூட்டியே வேண்டும். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புது உயிரினத்தை நியமிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வகம் (ZSI) அப்படியொரு களஞ்சியம். ஹோலோடைப்பை அங்கே கொடுத்துவிட்டால் விதிநூலுக்கும் சட்டத்துக்குமான இரண்டு வேலையும் முடியும். வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவதானால், அதற்கான அனுமதியைச் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தில் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

ஒப்படைக்கும் வரை மாதிரிப் பெட்டியைச் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடி வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை ஒரு வாரத்தில் உணர்கொம்பைச் சுற்றிவிடும். ஹோலோடைப்புக்குச் சிவப்பு லேபிளும் பாராடைப்புக்கு (அதோடு சேர்த்துச் சுட்டிய மற்ற மாதிரிகள்) மஞ்சளும் வழக்கம். களத்தில் எழுதிய பழைய சீட்டைக் கழற்றாமல், அதன் கீழே ஊசியில் குத்துங்கள்.