மூடாத வளையம்

ஆறு ஆண்டுகளாக ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்காபா ஃப்ளோ கடற்பரப்பில் முக்குளிப்பவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். எத்தனையோ பேரைப் பாதியில் மேலே கூட்டி வந்திருக்கிறேன். ஒருவருடைய கை மட்டும் இன்னும் கண்ணை விட்டு மறையவில்லை.

கயிற்றைப் பிடித்து இறங்கி, கடலடியில் மூழ்கிக் கிடக்கும் 'கோல்ன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலின் மேல்விலாவைத் தொட்டுவிட்டோம். வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் கப்பல் அது. பின்புறத்துப் பீரங்கிகளைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். 'சரியா?' என்று சைகை காட்டினேன். அவர் என் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மூச்சு விட்ட பிறகுதான் கை எழுந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வளையமாக வேண்டும், சேரவில்லை. நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி.

கட்டைவிரலை உயர்த்தினேன். மேலே போகிறோம் என்று பொருள். நீருக்குள் அதற்கு மறுபேச்சு கிடையாது.

படகில் ஏறியதும், "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன் திருப்பினீர்கள்?" என்று கேட்டார்.

"பதில் தாமதமாக வந்தது."

"இதைப் பாருங்கள்" என்று கையுறையை நீட்டினார். என் விரலை விடத் தடித்த துணி. எட்டு டிகிரித் தண்ணீரில் யாருடைய விரல்தான் சொன்னபடி மடங்கும்?

ஆனாலும் நைட்ரஜன் போதை, அதாவது ஆழத்தின் அழுத்தத்தில் சுவாசக் காற்றிலுள்ள நைட்ரஜன் தரும் மயக்கம், ஏறியவருக்கு அது ஏறியதே தெரியாது. குளிரில், தொட்டியிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்டத் தொடங்கினால், யோசிக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். மூன்று மூச்சு தாமதிப்பவரை இன்னும் ஆழத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது? இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதெல்லாம் நியாயமாகத்தான் படுகிறது.

1919 ஜூன் 21 அன்று ஜெர்மானிய மாலுமிகள் இங்கே தங்கள் கையாலேயே மூழ்கடித்த 52 கப்பல்களில், முக்குளிப்பவர்கள் தேடி வரும் பெரிய கப்பல்கள் ஏழுதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் தகடுகளும் ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே வருகின்றன. அவர் திரும்ப வருவதற்குள் எது நிற்கும், எது விழும்? உயிரோடு மேலே வந்தவருக்கு என்ன குறை என்று சக ஊழியர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

அடுத்த வாரம் அதே கயிறு, அதே விலா, வேறொருவர். அவருடைய பதிலும் தாமதமாகவே வந்தது, வளையமும் அரைகுறைதான். மறுபடி சைகை காட்டினேன். இம்முறை சட்டென்று பதில் வந்தது. இறங்கினோம். பீரங்கிக் குழாயில் படர்ந்திருந்த கடற்சாமந்திகளை அவர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார்.

முதலாமவரிடம் நான் ஒரு முறைதான் கேட்டேன்.