கச்சான் வருமுன்

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையோரம் ஜூஸ் கடை போட்ட முதல் வருடம், கிடுகு வாங்கி வந்து தட்டியைக் கடல் பக்கமாகக் கட்டினேன். கடற்கரைக் கடைக்கு மணல் கடலிலிருந்துதானே வரும் என்பது என் கணக்கு. வழியால் போன வயதான மீனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "கச்சான் எந்தப் பக்கத்தால வாற எண்டு தெரியாதா மனே?" என்று கேட்டுவிட்டுப் போனார். வைகாசியில் விளங்கியது. ஊர்ப் பக்கமிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வந்த காற்று கிளாஸ், மிக்ஸி, கசகசா ஊறிய பாத்திரம் என்று ஒன்றையும் விடவில்லை.

கச்சான் என்று நாங்கள் சொல்லும் இந்தத் தென்மேற்குப் பருவக்காற்று, மழையை மலைநாட்டுக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் வெக்கையோடு மட்டும் இறங்குகிறது. கொழும்பில் குடை பிடிக்கிற நாட்களில் மட்டக்களப்பில் கிணறு வற்றும். (எங்களுக்கு நிலக்கடலையும் கச்சான்தான். லண்டனிலிருந்து லீவுக்கு வந்த சின்னப் பிள்ளை ஒன்று, "இண்டைக்குக் கச்சான் கூட" என்று நான் சொன்னதைக் கேட்டு இரண்டு பக்கெட் கேட்டது.)

வெயில் ஏற ஏற வியாபாரமும் ஏறும் என்று நினைத்தது அடுத்த பிழை. காலை பத்து மணிக்கே வத்தகப்பழம் வெட்டி வைத்துக்கொண்டு வெறும் கரையைப் பார்த்திருந்தேன். அந்த வெக்கையில் யார் வருவார்கள்? கச்சான் பலத்த நாளில் கடற்காற்று பின்னேரம் வரை கரையேறாது. அது ஏறிய பிறகுதான் சனம் பிள்ளைகுட்டியோடு வரும். இப்போது வாசலில் ஒரு சாக்குத் துண்டு கட்டியிருக்கிறேன். அது கடலைப் பார்த்து ஆடினால் கத்தியை எடுப்பதில்லை. ஊரைப் பார்த்துத் திரும்பினால் தம்பி பழத்தை எடுப்பான்.

ஆயத்தம் என்றால் எனக்கு முதலில் ஃப்ரீஸர்தான். மாசியில் மழை விட்டதும் அதைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்ப்பேன். பின்பக்கக் கம்பிகளில் உப்பும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். அப்படியே விட்டால் சூடு வெளியேறாது, கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டி எடுக்க அரை நாள் போகும். அப்புறம் மூடியின் ரப்பர். நூறு ரூபாய்த் தாள் ஒன்றை இடையில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் குளிர் போகிறது. போன வருடம் வலது மூலையில் வழுக்கியது. ரப்பர் மாற்றிய பிறகுதான் ஐஸ்கிறீம் கல்லு மாதிரி நின்றது.

2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. உருகிய ஐஸ்கிறீமை வாளியில் ஊற்றிக் கொட்டினேன். அந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றரை லீட்டர் போத்தல்களில் உப்புத் தண்ணீர் நிரப்பி அடியில் உறைய வைத்திருப்பேன். கரண்ட் போனாலும் மூடியைத் திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் தாங்கும்.

தேசிக்காயை விலை இறங்கிய கிழமையில் வாங்கிப் பிழிந்து, ஐஸ் தட்டில் உறைய வைத்துக்கொள்ளலாம். வெள்ளரிப்பழத்தோடு அந்த வேலை நடக்காது. பழுத்தால் தானாக வெடிக்கும், ஓலை சுற்றிக் கட்டித்தான் கொண்டுவர வேண்டும், மறுநாள் புளித்த வாசம் வந்துவிடும். லாபமும் பெரிதாக இல்லை. ஆனாலும் சீனி போட்டுப் பிசைந்த வெள்ளரிப்பழம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் வெயில் காலமா?

ஐஸ் விஷயத்தில் மட்டும் சமரசம் இல்லை. மீன் பெட்டிக்குப் போடும் பார் ஐஸை உடைத்துக் கிளாஸில் போட்டால் செலவு குறையும்தான். கடைகளைப் பார்க்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வருகிறாரோ இல்லையோ, என் பிள்ளையும் இதே கிளாஸில்தான் குடிக்கிறது.

எங்கள் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா ஆடி அமாவாசையில். அதையொட்டி வெளிநாட்டுச் சொந்தங்களும் வந்துவிடும், கைக்கு ஆள் போதாது. அதற்குள் இன்னொரு பொடியனைப் பழக்கி எடுக்க வேண்டும்.

தட்டி இப்போது மேற்குப் பக்கம். கிடுகு வருடா வருடம் உக்குகிறது, பச்சை வலை கட்டுவோம் என்கிறான் தம்பி. வலைக்குள்ளால் புழுதி வரும் என்கிறேன் நான். பங்குனி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.