ஒரு டிகிரிக்கு 427 மீட்டர்

ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4186 ஜூல் வேண்டும். அதே 4186 ஜூலை வைத்து அந்த ஒரு கிலோவைத் தூக்கிக்கொண்டே போனால் 427 மீட்டர் உயரம் வரை போகலாம். ஒரு டிகிரி என்பது விரலை விட்டுப் பார்த்தால்கூடச் சரியாகத் தெரியாத சூடு. 427 மீட்டரோ நூறு மாடிக்கும் மேல்!

வேலை, ஆற்றல், வெப்பம் என்ற பாடத்தில் குழப்பம் வரும் இடங்களைத் தோண்டிப் பார்த்தால், பாதிக்குமேல் இந்த அளவு வித்தியாசத்தில்தான் போய் முடியும். தள்ளுவது, தூக்குவது, ஓடுவது எல்லாம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெப்பக் கணக்கில் சேர்த்தால் அவை சில்லறை. அதனால்தான் இரண்டும் ஒரே சரக்கு என்று கண்டுபிடிக்கவே அவ்வளவு காலம் ஆயிற்று.

முதலில் வேலை. விசையையும், அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது. விசை நியூட்டனிலும் தூரம் மீட்டரிலும் இருந்தால் விடை ஜூலில் கிடைக்கும். 100 கிராம் பொருளை ஒரு மீட்டர் தூக்கினால் கிட்டத்தட்ட ஒரு ஜூல். விசை சாய்வாக இருந்தால் கோணத்தின் கொசைனும் சேரும்: கயிற்றைத் தரையோடு 60 டிகிரியில் பிடித்து, 50 நியூட்டன் விசையில் ஒரு பெட்டியை 4 மீட்டர் இழுத்தால் செய்த வேலை 100 ஜூல்தான், 200 கிடையாது. கோணம் 90 டிகிரி என்றால் பூச்சியம்.

இந்தப் பூச்சியத்தில்தான் பலரும் சண்டைக்கு வருவார்கள். மூட்டையைத் தலையில் வைத்துச் சமதரையில் நடப்பவர் மூட்டையின் மேல் வேலையே செய்யவில்லையா, அப்புறம் ஏன் வியர்க்கிறது? மூட்டையைத் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வு பக்கவாட்டில். ஆகவே அந்த விசை செய்யும் வேலை பூச்சியம். ஆனால் தசை இழைகள் இழுவிசையைத் தக்கவைக்க உள்ளுக்குள் ஓயாமல் சுருங்கி விரிந்துகொண்டிருக்கின்றன. அதற்குச் செலவாகும் ஆற்றல் உடம்பிலேயே சூடாகிறது. மூட்டையை ஒரு மேசை மேல் வைத்தால் மேசைக்கு வியர்க்காது, பாருங்கள்.

கணக்குப் போடும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த விசை செய்த வேலை? மேலே சொன்ன பெட்டி மாறாத வேகத்தில் நகர்கிறது என்று வைப்போம். இழுவிசை +100 ஜூல், உராய்வு −100 ஜூல், மொத்தம் பூச்சியம். இயக்க ஆற்றல் மாறவில்லை, அதனால் சரிதான். போட்ட 100 ஜூல் பெட்டியின் அடிப்பாகத்திலும் தரையிலும் அக ஆற்றலாக, அதாவது உள்ளே இருக்கும் துகள்களின் ஆற்றலாக, தங்கிவிட்டது. இருபுறமும் இத்தனை நிறையில் பரவியதால் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 60 கிலோ எடையுள்ளவர் 3 மீட்டர் உயரம் படி ஏறுவதில் கூடும் நிலை ஆற்றல் 1764 ஜூல். அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டினால் அரை டிகிரிகூட ஏறாது.

இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. 1000 கிலோ கார் மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 20 மீட்டரில் போனால் 2 லட்சம் ஜூல். வேகம் பாதியானால் 50 ஆயிரம்தான். பெரிய எண்ணாகத் தோன்றுகிறதா? 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை இந்த 2 லட்சம் ஜூல் 73 டிகிரிவரைதான் கொண்டுபோகும். ஓடும் காரை நிறுத்திக் கிடைப்பதில் ஒரு லிட்டர் கொதிக்கக்கூடச் செய்யாது.

இனி வெப்பம். அன்றாடப் பேச்சில் 'இதில் வெப்பம் அதிகம்' என்போம். இயற்பியலில் அந்தச் சொல், வெப்பநிலை வேறுபாட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆற்றலுக்கு மட்டும். போய்ச் சேர்ந்த பிறகு அது அக ஆற்றல். வேலை செய்தும் அதே அக ஆற்றலைக் கூட்டலாம். சைக்கிள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டு வேகமாக அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று சூடாகும். யாரும் அதற்கு வெப்பம் கொடுக்கவில்லை. உராய்வால் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள், முக்கியக் காரணம் அமுக்கம். டீசல் எஞ்சின் தீப்பொறியே இல்லாமல் எரிபொருளைப் பற்றவைப்பது இதை நம்பித்தான்: 27 டிகிரிக் காற்றை 16-இல் ஒரு பங்காக, வெப்பம் வெளியேற நேரம் கொடுக்காமல் அமுக்கினால், இலட்சியக் கணக்கில் 630 டிகிரியைத் தாண்டும்.

விஞ்ஞானி ரம்ஃபோர்டு 1798-இல் வெளியிட்ட சோதனையில், பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது உண்டாகும் சூட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினார். இரண்டரை மணி நேரம் பிடித்தது. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்பதை எண்ணாகப் பிடித்தவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல்; அலகுக்கு அவர் பெயர்தான். 1850-இல் அவர் வெளியிட்ட அளவீட்டில், மொத்தம் சுமார் 26 கிலோ எடையுள்ள இரண்டு குண்டுகள் 1.6 மீட்டர் இறங்கி, 6 கிலோ சொச்சம் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றின. திரும்பத் திரும்ப 20 தடவை. அவ்வளவும் செய்து தண்ணீர் சூடேறியது ஒரு டிகிரி செல்சியஸில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்து அவர் சொன்ன மதிப்பு இன்றைய மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்குள் நிற்கிறது. சக்கரத்தைவிட அவருடைய வெப்பநிலைமானிதான் பெரிய சாதனை என்பேன். நயாகராவில் விழும் தண்ணீர் கீழே ஃபாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரி சூடாக இருக்கும் என்றும் அவர் கணித்தார். 50 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 0.12 செல்சியஸ்; பொருந்துகிறது.

வகுப்பறையில் இதைச் செய்யத் தண்ணீர் ஒத்துவராது. ஈயம் ஒத்துவரும், அதன் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான ஜூல், வெறும் 128 என்பதால்; தண்ணீருடையதில் 33-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் நீள அட்டைக்குழாய், இரு முனைக்கும் ரப்பர் அடைப்பான், அரைக் கிலோ சிறு ஈயக் குண்டுகள், 0.1 டிகிரி காட்டும் வெப்பநிலைமானி போதும். குண்டுகளின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு குழாயை 50 முறை தலைகீழாகத் திருப்பி, உடனே மறுபடி அளக்கவேண்டும். நிறை சமன்பாட்டின் இரு பக்கமும் அடிபட்டுப் போவதால் எடைபோடவே தேவையில்லை. உயரம், புவிஈர்ப்பு முடுக்கம், திருப்பிய தடவை மூன்றையும் பெருக்கி, ஏறிய டிகிரியால் வகுத்தால் ஏற்புத்திறன்.

இதில் தப்பு நடக்கும் இடங்கள் நிறைய. குழாயின் நீளத்தை அப்படியே உயரமாக எடுக்கக்கூடாது. குண்டுகள் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கிறதென்றால் அவை விழும் உயரம் 95 சென்டிமீட்டர். அப்படிப் பார்த்தால் 50 திருப்பலுக்கு 3.6 டிகிரி ஏறவேண்டும். கையில் வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. மெதுவாகச் சாய்த்தால் குண்டுகள் சுவரோடு சறுக்கி, சூட்டில் ஒரு பங்கைச் சுவருக்குக் கொடுத்துவிடும். அவசரப்பட்டுச் சுழற்றினால் முனையிலேயே ஒட்டிக்கொண்டு முழு உயரமும் விழாது. முனைகளைக் கையால் பொத்திப் பிடித்தால் உள்ளங்கைச் சூடும் கணக்கில் நுழையும். குழாயின் நடுவில் பிடியுங்கள். ஒரு டிகிரிக் கோடு போட்ட வெப்பநிலைமானியில் அரை டிகிரி பிசகினாலே 14 சதவீதம் போயிற்று. அப்படியானால் 200 தடவை திருப்பலாமே என்று தோன்றும். திருப்பத் திருப்ப நேரமும் ஆகிறது, சூடு வெளியே கசிவதும் கூடுகிறது, அதனால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது. குண்டுகளை அறை வெப்பநிலையைவிட ஓரிரு டிகிரி குளிர்வித்துத் தொடங்குவது நல்ல தந்திரம்: முதல் பாதியில் உள்ளே வருவதும் பின்பாதியில் வெளியே போவதும் ஏறக்குறைய ஈடாகும். ஈயம் நச்சு, முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும்.

மின்சூடேற்றியை வைத்துச் செய்யும் சோதனை இதைவிட எளிது, ஆனால் பிழை ஒளிந்துகொள்ளும். ஒரு கிலோ அலுமினியக் கட்டை, 50 வாட் சூடேற்றி, 10 நிமிடம்: 30,000 ஜூல். அலுமினியத்துக்கு 900 என்று கொண்டால் 33 டிகிரி ஏறவேண்டும். 28 தான் ஏறியது என்றால் விடை 1070 என்று வரும். வெப்பம் கசிந்தால் ஏற்புத்திறன் எப்போதும் கூடுதலாகத்தான் தெரியும், ஒருபோதும் குறைவாகத் தெரியாது. யாராவது 750 என்று காட்டினால் கசிவைக் காரணம் சொல்ல முடியாது. மின்னழுத்தத்தையோ நேரத்தையோ குறைத்து எழுதியிருப்பார்கள், அல்லது வெப்பநிலைமானி சூடேற்றிக்கு மிக அருகில் இருந்திருக்கும். வெப்பநிலைமானி நிற்கும் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் இடையில் காற்றுதான் இருக்கும், அளவு பின்தங்கும். சூடேற்றியை அணைத்த பிறகும் சிறிது நேரம் வெப்பநிலை ஏறும், உச்சத்தைத்தான் எடுக்கவேண்டும். இன்னும் நல்ல வழி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வரைபடம் போட்டு, தொடக்க வளைவு முடிந்து நேர்கோடாக ஏறும் பகுதியின் சாய்வை எடுப்பது. வாட்டை நிறையாலும் சாய்வாலும் வகுத்தால் முடிந்தது.

வேலை சில்லறை என்றேன். உயரம் கூடினால் சில்லறையும் சேரும். அதே 1000 கிலோ கார் 500 மீட்டர் உயர மலையிலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் 49 லட்சம் ஜூல். பிரேக் வட்டுகள் நான்கும் சேர்த்து 20 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்து, காற்று கொஞ்சமும் குளிர்விக்கவில்லை என்றால், 500 டிகிரிக்கும் மேல் ஏறும். சமதரையில் 72-இலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது வெறும் 22 டிகிரிதான். இறக்கத்தில் கியரைக் குறைத்துப் போகச் சொல்வது, அந்த ஆற்றலில் ஒரு பங்கை எஞ்சின் வழியாக வெளியேற்றத்தான்.

கடைசியாக உள்ளுறை வெப்பம், அதாவது வெப்பநிலை மாறாமல் உருகுவதற்கே செலவாகும் வெப்பம், ஏனென்றால் தேர்வில் மதிப்பெண் கரைவது இங்கே. ஒரு கிலோ பனிக்கட்டி உருக 3,34,000 ஜூல். உருகிய தண்ணீரை 80 டிகிரிவரை சூடாக்கும் அளவு. 30 டிகிரியில் உள்ள 200 கிராம் தண்ணீரில் 0 டிகிரிப் பனிக்கட்டி 50 கிராம் போட்டால், உருகுவதை மறந்தவருக்கு 24 டிகிரி வரும். சரியான விடை 8 டிகிரி. தண்ணீர் 0 வரை குளிர்ந்தால் விடுவது 25,116 ஜூல், உருக்க 16,700, மீதி 8,416 ஜூல் 250 கிராமைச் சூடாக்குகிறது. பனிக்கட்டி 100 கிராம் என்றால் அதே சூத்திரம் −6.6 டிகிரி என்று சொல்லும். சூத்திரம் பொய் சொல்லவில்லை, எல்லாம் உருகும் என்ற நம் அனுமானம்தான் தப்பு. 75 கிராம் மட்டும் உருகி, 25 கிராம் மிதக்க, 0 டிகிரியில் நிற்கும். ஆகவே முதலில் உருக்கப் போதுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் சமன்பாடு எழுதுங்கள்.

சோதனையாகவே செய்தால், பனிக்கட்டியை உறிஞ்சுதாளில் துடைத்துவிட்டுப் போடவேண்டும். 50 கிராமில் 5 கிராம் ஏற்கெனவே உருகிய ஈரமாக இருந்தால் உங்கள் உள்ளுறை வெப்பம் 10 சதவீதம் குறைந்து வரும். நிறையையும் முன்கூட்டி எடைபோடாமல், எல்லாம் உருகிய பிறகு கப்போடு எடைபோட்டுக் கழித்து எடுப்பது மேல்.