கையிருப்பு மூன்று எபிசோட்

ஒரு மெகா தொடர் எப்போது கெட ஆரம்பித்தது என்று பார்ப்பவர்களைக் கேட்டால் கதையில் ஓர் இடத்தைக் காட்டுவார்கள். கதாநாயகிக்கு நினைவு தப்பிய வாரம், கல்யாணம் இரண்டாவது தடவை நின்ற வாரம், வில்லி ஜெயிலிலிருந்து தப்பிய வாரம். அதே கேள்வியைத் தயாரிப்பு நிர்வாகியிடம் கேட்டால் அதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தைய தேதி ஒன்றைச் சொல்வார்: பேங்கிங் பத்துக்குக் கீழே இறங்கிய நாள். அவர் சொல்வதுதான் சரி என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

எடுத்து, எடிட் செய்து, டப்பிங்கும் பின்னணி இசையும் முடிந்து, சேனலுக்கு அனுப்பத் தயாராக இருக்கும் எபிசோடுகளின் கையிருப்பைத்தான் பேங்கிங் என்கிறோம். தொடர் தொடங்கும்போது இருபது, முப்பது எபிசோட் கையில் இருக்கும். வாரம் ஐந்து நாள் ஒளிபரப்பு என்றால் வருடத்துக்கு 260 எபிசோட், ஆறு நாள் என்றால் 312. யூனிட் நாளொன்றுக்கு ஒரு எபிசோட் எடுத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். மழை, பந்த், பொங்கல், நாயகிக்குக் காய்ச்சல், ஷூட்டிங் வீட்டுக்காரர் வீட்டில் ஒரு விசேஷம் என்று ஏதோ ஒன்று மாதம் நான்கு நாளைத் தின்றுவிடும். போன நான்கும் திரும்பி வராது. 2020 மார்ச்சில் படப்பிடிப்பு மொத்தமாக நின்றபோது எந்தத் தொடரிடம் எவ்வளவு கையிருப்பு இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துபோனது. கொஞ்ச நாளிலேயே சேனல்கள் பழைய தொடர்களைத் தூசு தட்டி மறு ஒளிபரப்பு செய்ய வேண்டியிருந்தது.

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 20 முதல் 22 நிமிடம். சினிமா யூனிட் ஒன்று பகல் முழுக்க உழைத்து இரண்டு மூன்று நிமிடம் எடுத்தால் அன்றைக்கு நல்ல வேலை நடந்ததாக அர்த்தம். சீரியல் யூனிட் அதே பகலில் 22 நிமிடம் எடுக்கிறது. ஏழு அல்லது எட்டு காட்சி. லைட்டிங் மாற்ற நேரமில்லை, அதனால் ஹாலில் நடக்க வேண்டியவை எல்லாம் காலையில், மாடி அறை மதியத்துக்கு மேல். எந்தக் காட்சி எந்த எபிசோடுக்குப் போகும் என்பது உதவி இயக்குநரின் நோட்டில்தான் இருக்கும்.

பேங்கிங் இருபது இருக்கும்வரை இந்த வேகம் திரையில் தெரியாது. ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் அடுத்த வாரம் திரும்ப எடுக்கலாம், நடிகருக்குத் தேதி இல்லையென்றால் காட்சியைத் தள்ளிப்போடலாம். மூன்றாகிவிட்டால் எதையும் தள்ளிப்போட முடியாது. இன்று எடுத்தது நாளை மறுநாள் இரவு போகிறது. ஒரு கட்டத்தில் நேற்று எடுத்தது இன்றிரவு போகும். தரம் இறங்கிவிட்டதாகப் பார்ப்பவர்கள் சொல்லும் அத்தனைக்கும் பின்னால், அந்த மூன்று எபிசோடை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் கண்டுபிடித்த வழி இருக்கிறது.

ரியாக்‌ஷன் ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். மருமகள் ஒரு வரி சொல்கிறாள். ஒன்பது முகத்துக்கும் நான்கு விநாடி என்றால் 36 விநாடி. அதிர்ச்சியைக் காட்ட அதே முகத்தை மூன்று கோணத்தில் வெட்டினால் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டும். எபிசோடில் இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்று நிமிடம் கிடைத்துவிடும். ஒரு முழுக் காட்சி எழுதவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். இன்னும் சிக்கனமான யூனிட்டுகள் அதிர்ச்சி, கோபம், கண்ணீர் என்று ஒவ்வொருவருக்கும் பொதுவான முகங்களை முன்கூட்டியே எடுத்து எடிட்டரிடம் கொடுத்து வைக்கும். ஒரே காட்சிக்குள் அத்தையின் புடவை ஒரு விநாடி நிறம் மாறி மீண்டால், அந்த ஸ்டாக்கில் இருந்து ஒன்றை எடுத்திருக்கிறார்கள். இதோடு முந்தைய நாள் சுருக்கம் இரண்டு நிமிடம், பழைய காட்சியிலிருந்து ஃப்ளாஷ்பேக் இரண்டு நிமிடம், கோயிலைச் சுற்றி வரும் மாண்டேஜ் ஒன்றரை நிமிடம். 22 நிமிடத்தில் புதிதாக எடுத்தது பதின்மூன்று பதின்மூன்றரை நிமிடம்தான்.

வசனத்திலும் இது தெரியும். பல செட்டுகளில் யாரும் மனப்பாடம் செய்து பேசுவதில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் ப்ராம்ப்ட் செய்ய, நடிகர் கேட்டுச் சொல்வார். டயலாக் பேப்பரே காலையில் வாட்ஸ்அப்பில் வரும்போது வேறு வழியில்லை. தமிழ் தெரியாமல் பெங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து நடிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் காது கொடுக்கும் இடைவெளி ஒரு விநாடி, ஒன்றரை விநாடி விழும். நேரம் இருக்கும் நாளில் எடிட்டர் அதை வெட்டுவார். ஃபுட்டேஜ் போதாத நாளில் விட்டுவிடுவார். படபடவென்று பேசிக்கொண்டிருந்த நாயகன் திடீரென்று எதற்கெடுத்தாலும் ஆழ்ந்து யோசித்துப் பேசுகிறான் என்றால், எபிசோட் நீளம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

போன் காட்சிகள் பெருகினால் தேதிச் சிக்கல். எதிரும் புதிருமாகப் பேச வேண்டிய இருவர் ஒரே நாளில் கிடைக்கவில்லை, ஒருவர் பத்தாம் தேதி பேசினார், மற்றவர் பதினேழாம் தேதி பதில் சொன்னார். ஆளில்லாமலேயே நேருக்கு நேர் எடுப்பதும் உண்டு. ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டில் முன்னால் தெரியும் தோளும் கொண்டையும் ஏதோ ஒரு துணை நடிகையுடையது. அந்தத் தோள் மட்டும் சற்று உயரமாகவோ, எதற்கும் அசையாமலோ இருக்கும். சந்தை, பேருந்து நிலையம், அலுவலகம் எல்லாம் கதையிலிருந்து மறைந்து, ஊரே ஹாலுக்கு வந்து நியாயம் கேட்க ஆரம்பித்தால், வெளிப்புறப் படப்பிடிப்புக்குப் பணம் நிறுத்தப்பட்டிருக்கிறது. கோர்ட் காட்சியில் நீதிபதியின் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்றாலும் அதே காரணம்தான்.

கையிருப்பைக் கரைப்பது மழையும் காய்ச்சலும் மட்டுமில்லை, வியாழக்கிழமையும்தான். ரேட்டிங் கணக்கிடும் பார்க் இந்தியாவின் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடிகிறது. எண்கள் அடுத்த வியாழன் வரும். திங்கட்கிழமை போன எபிசோடுக்கு மக்கள் என்ன செய்தார்கள் என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும். எண் இறங்கியிருந்தால் சேனலிலிருந்து அழைப்பு வரும். அந்த ட்ராக்கை, அதாவது அந்தக் கிளைக்கதையை, நிறுத்துங்கள், அந்தப் பெண்ணைக் குறையுங்கள், வில்லிக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுங்கள். இருபது எபிசோட் கையில் இருக்கும் தொடர் இந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்றால் எடுத்ததில் பாதியை வீச வேண்டும். வீசுவார்கள். அன்றைக்கே பேங்கிங் பத்தாகிவிடும். மூன்று நான்கு தடவை இப்படி ஆன பிறகு, நிறைய எடுத்து வைத்து என்ன பயன், எப்படியும் மாற்றச் சொல்வார்கள் என்ற மனநிலைக்குக் கதைக் குழு வந்துவிடும். ரேட்டிங்குக்கு உடனே வளைந்து கொடுக்கும் தொடர் என்று சேனல் பாராட்டுவது பெரும்பாலும் கையிருப்பு தீர்ந்த தொடரைத்தான்.

கதையின் பங்கும் இருக்கிறது. 1999இல் தொடங்கிய 'சித்தி' 467 எபிசோடில் முடிந்தது. 2002இல் வந்த 'மெட்டி ஒலி' 811 ஓடியது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 2009இல் 1533இல் நின்றது. பத்தே வருடத்தில் ஒரு கதை சுமக்க வேண்டிய எடை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இதில் 'மெட்டி ஒலி' நீளத்தைத் தாங்கியதற்கு அதன் முதல் வரியிலேயே காரணம் இருக்கிறது. தாயில்லாத ஐந்து பெண்கள், ஓர் அப்பா. ஐந்து கல்யாணம் என்றால் ஐந்து புகுந்த வீடு, ஐந்து மாமியார், ஐந்து விதமான பணக்கஷ்டம். ஒரு வீட்டில் எண்ணெய் தீர்ந்தால் இன்னொரு வீட்டுக்குப் போகலாம். ஒரே கேள்வியில் நிற்கும் கதைக்கு அந்த வசதி கிடையாது. ‘இவள்தான் தன் மனைவி என்று அவனுக்கு எப்போது தெரியும்’ என்று தொடங்கினால் 150 எபிசோடுக்கு மேல் அந்தக் கேள்வி தாங்காது. விடையைச் சொன்னால் கதை முடிந்துவிடும், சொல்லாவிட்டால் அவன் முட்டாளாகிவிடுவான். தமிழ்த் தொடர்களின் முட்டாள் நாயகர்களில் பாதிப் பேர் பிறவியில் அப்படி இல்லை.

ரகசியத்துக்கும் ஆயுள் உண்டு. ரகசியம் பிறக்கிறது, ஒருவர் கதவோரம் நின்று கேட்கிறார், கேட்டவர் மிரட்டுகிறார், உடையப்போகிறது, உடைகிறது, அதன் பின்விளைவுகள். ஒழுங்காக எழுதினால் நாற்பது ஐம்பது எபிசோடுக்கு வரும். இதில் ‘உடையப்போகிறது’ என்ற கட்டத்தை மட்டும் ரப்பர் மாதிரி எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். உண்மையைச் சொல்ல வாயெடுத்தவர் மயங்கி விழுவார், போன் வரும், லாரி வரும், ஐசியு வரும். எழுதுபவருக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று திட்டுவார்கள். உடைந்தால் ஒரு வாரம் ரேட்டிங் ஏறும், அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு என்ன போடுவது என்பது இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த ட்ராக் தயாராகும்வரை லாரி வந்துகொண்டேதான் இருக்கும்.

கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்பது வழக்கம். முந்நூறாவது எபிசோடுக்குள் இந்த மூவரில் ஒருவராவது மாறியிருப்பார். வசனகர்த்தா மாறினால் தஞ்சாவூர்க்காரப் பெரியப்பா ஒரே இரவில் மதுரைக்காரர் ஆகிவிடுவார். அதைவிட ஆபத்து, யாருக்கு என்ன தெரியும் என்பது கைமாறும்போது தொலைந்துபோவது. நன்றாக நடக்கும் குழுக்களில் இதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. ஒரு பக்கம் கதாபாத்திரங்களின் பெயர், மேலே ரகசியங்கள், எந்த எபிசோடில் யாருக்கு எது தெரிந்தது என்று கட்டத்தில் எண். வயது, நட்சத்திரம், நகை எந்த அடகுக்கடையில் இருக்கிறது என்பதுவரை அதில் ஏறும். இருநூறு எபிசோடைத் தாண்டியும் இந்தப் பதிவேட்டை யாராவது எழுதிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும், தொடரின் உடல்நிலை தெரிந்துவிடும். போன வருடம் தானே கண்டுபிடித்த உண்மையைக் கேட்டு நாத்தனார் இப்போது அதிர்ச்சி அடைந்தால், அந்த நோட்டு மூடப்பட்டு நாளாகிவிட்டது.

‘இவருக்குப் பதில் இவர்’ என்ற அட்டையைக் கேலி செய்யாத தமிழர் இல்லை. ஆனால் துணைப் பாத்திரங்களில் அது பெரிய சேதம் செய்வதில்லை, இரண்டு வாரத்தில் கண் பழகிவிடும். கதை யாருடைய உடல்மொழியில் நிற்கிறதோ அவர் போனால்தான் சிக்கல். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று இறந்தார். சில வாரம் அந்தப் பாத்திரம் திரையில் இல்லாமலே கதை நகர்ந்தது, பிறகு வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார், 2024 ஜூனில் தொடர் முடிந்தது. வேல ராமமூர்த்தி திறமையானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதலாமவருக்காக எழுதிய வசனத்தின் மூச்சு வேறு. ‘இந்தாம்மா ஏய்’ என்ற அழைப்பை இன்னொரு தொண்டைக்கு மாற்றித்தர எந்த எழுத்தாளராலும் முடியாது. இது நிர்வாகக் கோளாறு இல்லை, யாரையும் குறை சொல்ல இடமில்லாத வகை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்லாட்டுக்குக் கட்டணம் கட்டி, விளம்பர நேரத்தை விற்றுப் பிழைக்கும் தயாரிப்பாளருக்குத் தொடக்க மாதங்கள் கைப்பணம்தான். தொடர் பிரபலமான பிறகுதான் அது திரும்புகிறது, அதனால் நன்றாக ஓடும்போது நிறுத்த அவருக்கு மனம் வராது. சேனலே பணம் கொடுத்து எடுக்கும் முறையிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. புதுத் தொடருக்கு ஆள் சேர்ப்பதைவிடச் சுமாராக ஓடும் பழையதில் பழக்கத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள் மேல். இரவு எட்டு மணியிலிருந்து பத்தரைக்கோ மதியத்துக்கோ மாற்றிய பிறகு பட்ஜெட்டும் இறங்கும். முதலில் வெளியேறுவது அப்பா அம்மா வேடத்துக்கு வந்த அனுபவசாலிகள். அவர்கள் போனதும் காட்சிகளின் கனமும் போய்விடும்.

ஐந்து வருடம் கழித்து என்று லீப் அடிப்பது உதவும், ஒரு நிபந்தனையோடு. பழைய ட்ராக்குகளில் பாதியையாவது கொன்றுவிட்டு வர வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்து, வில்லிக்கு ஒரு முடி நரைத்து, பகை மட்டும் அப்படியே இருந்தால் அது லீப் இல்லை, விளம்பரம். இரண்டு யூனிட் போட்டு ஒரே நாளில் இரண்டு இடத்தில் எடுப்பதும் கையிருப்பை ஏற்றும். அப்போது நெற்றிக்கட்டு எந்தப் பக்கம் என்று இரு யூனிட்டுகளும் காலையிலேயே போட்டோ பரிமாறிக்கொள்ள வேண்டும். நடிகைகளே புடவை கொண்டுவரும் தொடர்களில் இது இன்னும் கஷ்டம், அந்தப் புடவை சலவையில் இருக்கும்.

முடிவு கதையிலிருந்து வருவது அபூர்வம். அதே ஸ்லாட்டுக்கு வரப்போகும் புதுத் தொடரின் முதல் ஷெட்யூல் முடிந்துவிட்டது என்ற செய்திதான் முடிவு. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் முன்னால்தான் சொல்வார்கள். இருநூறு எபிசோட் இழுத்த ரகசியம் ஒரு மதியத்தில் உடையும், வில்லி ஒரே காட்சியில் காலில் விழுவாள், போலீஸ் சரியான நேரத்துக்கு வரும். கடைசிக் காட்சிக்கு எல்லோரையும் ஒரே நாளில் வரவழைப்பது தயாரிப்பு நிர்வாகியின் கடைசி வேலை. பாதிப் பேர் வேறு தொடரில் இருப்பார்கள். தேதி கிடைக்காத மாமா அமெரிக்காவிலிருந்து போனில் வாழ்த்துவார். சோபாவைச் சுற்றிக் குடும்பம் போட்டோவுக்கு நிற்கும்போது அவருக்காக விட்ட இடத்தில் பூந்தொட்டி ஒன்றை நகர்த்தி வைப்பார்கள்.